பைன்போனும் ஐந்து இயங்குதளங்களும்: ஒரு கூட்டாண்மையின் நிகழ்வு ஆய்வு

2020 ஏப்ரலுக்கும் 2021 ஜனவரிக்கும் இடையில், பைன்64 என்ற சிறு வன்பொருள் நிறுவனம் பைன்போன் என்ற, லினக்ஸில் இயங்கும் ஏறத்தாழ ஒரே கைபேசியை ஐந்து முறை, ஐந்து வெவ்வேறு திறந்த மூலத் திட்டங்களின் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதலில் யூபிபோர்ட்ஸ், ஜூலையில் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ், செப்டம்பரில் மஞ்சாரோ என்ற லினக்ஸ் இயங்குதளம், டிசம்பரில் கேடிஇ, அடுத்த ஜனவரியில் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட மோபியன் என்று முன்பதிவுகள் திறக்கப்பட்டன. ஒவ்வொரு பதிப்பின் பின்மூடியிலும் அந்தந்தத் திட்டத்தின் சின்னம் அச்சிடப்பட்டிருந்தது. விற்ற ஒவ்வொரு கருவிக்கும் 10 டாலர் அந்தத் திட்டத்துக்கு நன்கொடையாகச் சென்றது. 2021 பிப்ரவரியில் நிறுவனம் இந்த ஏற்பாட்டை முடித்துக்கொண்டு, இனி மஞ்சாரோவும் கேடிஇயின் பிளாஸ்மா மொபைல் இடைமுகமும் சேர்ந்ததே பைன்போனின் இயல்பு இயங்குதளம் என்று அறிவித்தது. அடுத்த ஆண்டிலேயே, இந்தக் கருவிக்காக நெடுநாள் உழைத்த நிரலாளர் ஒருவர் தாம் விலகுவதற்கான காரணங்களைப் பொதுவில் எழுதினார்.

மென்பொருள் துறையே இல்லாத ஒரு வன்பொருள் நிறுவனம், வன்பொருள் செய்ய வழியே இல்லாத தன்னார்வத் திட்டங்களோடு எப்படிக் கைகோத்தது, எது அந்தக் கூட்டை நிற்க வைத்தது, எது தளர்த்தியது என்பதே இந்த ஆய்வின் பொருள். நன்கொடைப் பணம்தான் இதன் அச்சாணி என்று பலர் கருதியிருந்தார்கள். நடந்தவற்றை வரிசையாகப் பார்க்கும்போது, பணத்தைவிட முறை வைத்து வாய்ப்பளித்ததே அதிக வேலை செய்திருக்கிறது என்று தோன்றுகிறது.

பின்னணி

பைன்64 நிறுவனம் 2015-ன் இறுதியில் கிக்ஸ்டார்ட்டர் தளத்தின் வழியாக அறிமுகமானது. 15 டாலர் விலையில் தொடங்கிய பைன் ஏ64 என்ற ஒற்றைப் பலகைக் கணினிக்கு அங்கே 17 லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. அந்தப் பலகையின் மையத்தில் இருந்தது ஆல்வின்னர் ஏ64 என்ற சீனச் சிப். அதைத் தயாரித்த நிறுவனம் லினக்ஸுக்கென்று பெரிதாக எதையும் செய்து தரவில்லை. ஆல்வின்னர் சிப்புகளை லினக்ஸில் இயக்குவதற்காகவே கூடியிருந்த லினக்ஸ்-சன்சி என்ற தன்னார்வக் குழுதான், ஆண்டுக்கணக்கில் உழைத்து, அதற்கான ஆதரவை லினக்ஸின் மையப் பகுதியான மூலக் கெர்னலுக்குள் கொண்டு சேர்த்தது. பைன்64 அந்த உழைப்பின் மேல் நின்றே தன் அடுத்தடுத்த கருவிகளைத் திட்டமிட்டது. மலிவு விலைப் பைன்புக் மடிக்கணினியும் அதே சிப்பில்தான் வந்தது.

2019-ல் கைபேசித் திட்டம் அறிவிக்கப்பட்டபோது ஏ64 ஏற்கெனவே பழைய சிப். நான்கு கார்டெக்ஸ் ஏ53 செயலிக் கருக்கள், 2 ஜிபி நினைவகம், 16 ஜிபி சேமிப்பு, 1440×720 புள்ளிகள் கொண்ட 5.95 அங்குலத் திரை என்ற விவரங்களைக் கடையில் கிடைத்த எந்த மலிவு ஆண்ட்ராய்டு கைபேசியோடு ஒப்பிட்டாலும் பைன்போன் பின்தங்கியே தெரிந்தது. ஆனால் வேகத்துக்காக யாரும் அந்தச் சிப்பைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதன் மாலி-400 வரைகலைப் பகுதிக்கான லிமா என்ற திறந்த மூல இயக்கி (ஒரு பாகத்தைக் கெர்னலோடு பேசவைக்கும் நிரல்) 2019-ல்தான் கெர்னல் 5.2 வழியாக மூலக் கெர்னலுக்குள் வந்திருந்தது. அதாவது, ஆண்ட்ராய்டுக்காக எழுதப்பட்ட மூடிய இயக்கிகளைக் கெஞ்சிப் பெறாமலேயே ஒரு கைபேசியை இயக்கிவிட முடியும் என்ற நிலை இந்தச் சிப்பில் அப்போது கைக்கெட்டியது. பழைய சிப்பை எடுத்தது சிக்கனம் மட்டுமன்று, கூட்டாளிகளை ஈர்க்கும் முடிவும்கூட என்றே நான் படிக்கிறேன்.

திறந்த மூலத் திட்டங்களின் தரப்பிலும் தேவை இருந்தது. 2017 ஏப்ரலில் கனோனிக்கல் நிறுவனம் உபுண்டு டச் இயங்குதளத்தைக் கைவிட்டபோது, அதை எடுத்து வளர்த்தது யூபிபோர்ட்ஸ் என்ற சமூகம். அதே ஆண்டு மே மாதத்தில் வெளியே தெரியவந்தது போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ். உற்பத்தியாளர் கைவிட்ட கைபேசிகளைப் பத்தாண்டு வரை உயிரோடு வைத்திருப்பது அதன் இலக்கு. கேடிஇ சமூகத்தின் பிளாஸ்மா மொபைல் 2015-லிருந்தே இருந்தது. இவர்கள் எல்லோரும் பிறர் செய்த ஆண்ட்ராய்டு கைபேசிகளை உடைத்துத் திறந்து, அவற்றின் மேல் தம் மென்பொருளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தமக்காகவே செய்யப்பட்ட ஒரு கைபேசி என்பது அதுவரை அவர்களுக்குக் கிட்டாத ஒன்று.

முன்பு முயன்ற வழிகள்

இந்தப் பாதையில் பைன்64 முதல் நடையாளி இல்லை. தைவானின் எஃப்ஐசி நிறுவனத்தில் பிறந்த ஓப்பன்மோகோ, 2007-ல் நியோ 1973 என்ற கைபேசியையும் 2008-ல் ஃப்ரீரன்னரையும் வெளியிட்டது. வன்பொருள், இயங்குதளம் இரண்டையும் தானே செய்ய முயன்று, இடையில் இடைமுக அடித்தளத்தையே ஒரு முறைக்கு மேல் மாற்றி, 2009-ல் கைபேசிப் பணியை நிறுத்தியது. 2017-ல் கூட்டுநிதி திரட்டிய பியூரிசம் நிறுவனத்தின் லிப்ரம் 5, மென்பொருள் பொறியாளர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி ஃபோஷ் என்ற இடைமுகத்தை உருவாக்கியது. அதன் செலவு 599 டாலர் என்ற தொடக்க விலையிலேயே தெரிந்தது.

லண்டனின் பிளானட் கம்ப்யூட்டர்ஸ் சென்றது வேறொரு வழி. சியான் நிறுவனத்தின் பழைய மடக்குக் கைக்கணினியான சீரிஸ் 5-ஐ வடிவமைத்தவரையே வைத்து, விசைப்பலகையோடு மடியும் ஜெமினி பிடிஏவை 2018-ல் கொண்டுவந்தது. செயில்ஃபிஷ், டெபியன் ஆகிய லினக்ஸ் இயங்குதளங்களும் அதில் ஓடின. ஆனால் அதன் மையம் மீடியாடெக் சிப். இயக்கிகள் ஆண்ட்ராய்டுக்காக எழுதப்பட்ட பழைய கெர்னலோடு பிணைந்திருந்தன. எத்தனை திறந்த மூலத் திட்டங்கள் ஒப்புக்கொண்டு வந்தாலும், அவை அனைத்தும் அந்தக் கெர்னலின் எல்லைக்குள்ளேயே நிற்க வேண்டியிருந்தது. வன்பொருள் அழகாக அமைந்தும் கூட்டாண்மை ஆழப்படாததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பிரேவ்ஹார்ட் முதல் மோபியன் வரை

2019-ல் மேம்பாட்டுப் பலகைகள் பல்வேறு திட்டங்களின் நிரலாளர்களுக்கு அனுப்பப்பட்டன. அந்த ஆண்டு நவம்பரில் பிரேவ்ஹார்ட் என்ற பெயரில் முதல் தொகுதிக்கு முன்பதிவு திறந்து, 2020 ஜனவரியில் கருவிகள் புறப்பட்டன. அதில் பயன்பாட்டுக்கான இயங்குதளம் எதுவும் இல்லை. வன்பொருளைச் சோதிப்பதற்கான ஒரு சிறு மென்பொருள் மட்டும், அதுவும் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் அடிப்படையில், ஏற்றப்பட்டிருந்தது. வாங்குபவர் தமக்கு வேண்டியதை நினைவக அட்டையில் எழுதிச் செருகிக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு சிறு தொழில்நுட்ப விவரம் பின்னர் நடந்த எல்லாவற்றையும் பாதித்தது. ஏ64 சிப் விழித்ததும் முதலில் நினைவக அட்டையில் தொடக்க நிரல் இருக்கிறதா என்று பார்க்கும். அங்கே இல்லையென்றால்தான் உள் சேமிப்புக்குப் போகும். ஆகவே தொழிற்சாலையில் எதை ஏற்றி அனுப்பினாலும், ஒரு அட்டையைச் செருகி வேறோர் இயங்குதளத்தைத் தொடங்கிவிட முடியும். தவறிப் போனால் அட்டையை உருவிவிட்டால் போதும். பூட்டு உடைக்கும் சடங்கு எதுவும் இல்லை. பத்துக்கும் மேற்பட்ட இயங்குதளங்களை ஒரே அட்டையில் அடக்கி, தொடங்கும்போது தேர்ந்தெடுத்துக்கொள்ளும் ஒரு கோப்பைக்கூட நிரலாளர் ஒருவர் வெளியிட்டார். எந்தத் திட்டமும் மற்றொன்றை இக்கருவியிலிருந்து வெளியே தள்ள முடியாது என்ற உறுதியை எந்த ஒப்பந்தமும் தரவில்லை. சிப்பின் தொடக்க வரிசையே தந்தது.

சமூகப் பதிப்புகள் எனப்பட்ட இந்த ஐந்து வெளியீடுகளின் விலை 150 டாலருக்குச் சற்றே குறைவு. போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் பதிப்பிலிருந்து, 3 ஜிபி நினைவகமும் 32 ஜிபி சேமிப்பும் ஒரு டைப்-சி இணைப்புப் பெட்டியும் சேர்ந்த தொகுப்பு 200 டாலருக்கு ஒட்டிக் கிடைத்தது. திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றை அந்தப் பெட்டியில் மாட்டினால் கைபேசியே மேசைக் கணினி ஆகிவிடும் என்பது எண்ணம். பின்மூடியைக் கழற்றினால் ஆறு சிறு நெம்புகள் வரிசையாக இருக்கும்: கைபேசி வலையமைப்போடு இணைக்கும் மோடம், வைஃபை, ஒலிவாங்கி, இரு கேமராக்கள் ஆகியவற்றை மென்பொருளின் தயவின்றி அணைக்க ஐந்து, ஆறாவது, ஹெட்ஃபோன் துளையைப் பிழைதிருத்தத்துக்கான தொடர் இணைப்பாக மாற்றுவதற்கு. சாதாரணக் கைபேசியில் நிரலாளர் கருவியைப் பிரித்துக் கம்பி பற்றவைத்துப் பெற வேண்டிய வசதி, இங்கே ஒரு நக நுனியின் வேலை. கூட்டாளிகளை மதித்தார்கள் என்பதற்கு நன்கொடைத் தொகையைவிட இந்த ஆறாவது நெம்பையே நான் சான்றாகக் காட்டுவேன்.

ஒவ்வொரு திட்டமும் தன் முறை வந்தபோது தொழிற்சாலைக்கு ஒரு கெடு தேதிக்குள் முழுமையான இயங்குதளக் கோப்பை ஒப்படைக்க வேண்டியிருந்தது. தன்னார்வத் திட்டங்களுக்குக் கெடு என்பது பழகாத ஒன்று. முடிந்தபோது வெளியிடுவதே அவற்றின் வழக்கம். தொழிற்சாலையோ அப்படிக் காத்திருக்காது. இந்த நெருக்கடி நல்ல விளைவுகளையும் தந்தது. போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் குழுவுக்கு ஒரு சிக்கல் எழுந்தது: தொழிற்சாலையில் எல்லாக் கருவிகளுக்கும் ஒரே கோப்புதான் எழுதப்படும், அப்படியானால் வாங்குபவரின் சேமிப்பை அவருடைய சொந்தக் கடவுச்சொல்லால் குறியாக்கம் செய்வது எப்படி? அதற்காக, கருவி முதன்முதலில் விழிக்கும்போதே திரையில் கடவுச்சொல்லைக் கேட்டு, அங்கேயே குறியாக்கம் செய்து, இயங்குதளத்தை நிறுவி முடிக்கும் ஒரு நிறுவியை எழுதினார்கள். கெடு தேதி இல்லாதிருந்தால் அந்த வேலை எத்தனை ஆண்டுகள் தள்ளிப்போயிருக்கும் என்று சொல்ல முடியாது.

பணம் எவ்வளவு, முறை எவ்வளவு

கருவி ஒன்றுக்கு 10 டாலர் என்றால், ஆயிரம் கருவிகளுக்குப் பத்தாயிரம் டாலர். ஐரோப்பாவில் ஒரு பொறியாளரின் ஓராண்டுச் சம்பளத்துக்கு இது எட்டாது. ஒரு திட்டத்தின் வழங்கிச் செலவு, சோதனைக் கருவிகள், மாநாட்டுப் பயணம் ஆகியவற்றைத் தாங்கும் தொகை என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் கிட்டத்தட்ட அடக்க விலைக்கே விற்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு நிறுவனம், 150 டாலர் கருவியில் 10 டாலரை எடுத்துக் கொடுப்பது அதன் அளவுக்குச் சிறிய தொகையும் இல்லை.

முறை வைப்பதன் பலன் வேறு விதமானது. ஏரிப் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடும் ஊர்களில், தன் முறை வரும்போது வாய்க்கால் தூர்ந்து கிடக்கக் கூடாதே என்பதற்காகவே எல்லோரும் முன்கூட்டிச் சேர்ந்து வாய்க்காலைத் தூர்வாருவார்கள். இங்கேயும் அப்படித்தான் நடந்தது. ஐந்து திட்டங்களின் இடைமுகங்களும் கொள்கைகளும் வேறு வேறு. ஆனால் கெர்னல், மோடம், மின் மேலாண்மை என்ற அடித்தளம் ஒன்றே. ஜூலையில் தன் பெயரில் கருவி வெளிவரப் போகிறது என்று அறிந்த திட்டம், ஏப்ரல் பதிப்பில் தெரிந்த மோடக் கோளாறைத் தன் கோளாறாகவே எடுத்துக்கொண்டது. ஒரே நிரலாளர் பராமரித்துவந்த கெர்னல் கிளையை (இக்கருவிக்கான மாற்றங்களைச் சேர்த்த கெர்னல் பிரதியை) ஏறத்தாழ எல்லாத் திட்டங்களும் பயன்படுத்தின. மோடத்தை ஒழுங்காக விழிக்கவும் உறங்கவும் வைக்கும் இஜி25-மேனேஜர் என்ற சிறு சேவை மோபியன் பக்கத்தில் எழுதப்பட்டது; மற்றவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பியூரிசம் சம்பளம் கொடுத்து எழுதவைத்த ஃபோஷ் இடைமுகமும் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ், மோபியன் பதிப்புகளின் முகமாக வந்து நின்றது. பைன்64-ன் மலிவு விலைக்குப் பியூரிசமும் ஒரு பங்கு செலுத்தியிருக்கிறது என்பதைக் கணக்கில் எழுதாமல் விட முடியாது.

ஓர் அழைப்பு வரும்போது

கூட்டுழைப்பு எந்த அளவுக்கு ஆழத்தில் தேவைப்பட்டது என்பதை, கைபேசிக்கு அழைப்பு வருவது என்ற ஒரே செயலை எடுத்துப் பார்த்தால் புரியும்.

ஏ64 விழித்தே இருந்தால் பேட்டரி ஒரு பகல் தாங்குவதே அரிது. ஆகவே திரை அணைந்ததும் மையச் செயலியை முழுதாக உறங்க வைக்க வேண்டும். ஆனால் மையச் செயலி உறங்கிவிட்டால் அதை எழுப்புவது யார்? ஏ64-க்குள் ஏஆர்100 என்ற தனிச் சிறு கரு ஒன்று இதற்காகவே இருக்கிறது. ஆல்வின்னர் அதற்குத் தந்த நிரல் மூடியது. அதற்கு மாற்றாக க்ரஸ்ட் என்ற திறந்த மூல நிரலைத் தன்னார்வலர் ஒருவர் எழுதினார். மையக் கருக்களையும் நினைவகத்தையும் உறக்க நிலைக்குத் தள்ளிவிட்டு, விழிப்புச் சைகைக்காகக் காத்திருப்பது அதன் வேலை.

அழைப்பு வந்ததும் மோடம் ஒரு கம்பியின் மின்னழுத்தத்தை மாற்றும். க்ரஸ்ட் அதைக் கண்டு மையச் செயலியை எழுப்பும். கெர்னல் எழுந்து, ஒவ்வொரு பாகத்தின் இயக்கியையும் மீண்டும் நிலைக்குக் கொண்டுவரும். மோடம் உள்ளே யூஎஸ்பி வழியாக இணைக்கப்பட்டிருப்பதால், அந்த இணைப்பு உறக்கத்தில் அறுந்திருந்தால் கெர்னல் அதைப் புதிதாக அடையாளம் காண வேண்டும். அதற்குப் பிறகுதான் மோடம் மேலாண்மைச் சேவை அழைப்பை அறியும், அழைப்புச் செயலி திரையில் தோன்றும், ஒலிப்பாதை மாற்றப்படும். இவை எல்லாம் மறுமுனையில் இருப்பவர் பொறுமை இழந்து துண்டிப்பதற்குள் நடந்தாக வேண்டும். தொடக்க மாதங்களில் பல நேரம் நடக்கவில்லை. மணி அடித்து ஓய்ந்த பிறகு திரை விழித்த கருவிகளைப் பற்றிய புகார்கள் ஏராளம். சங்கிலியில் எந்த ஒரு கண்ணி தாமதித்தாலும் பழி முழுக் கருவியின் மேல் விழும். கண்ணிகளோ நான்கு வெவ்வேறு குழுக்களின் கையில். இதில் எந்தக் கண்ணியையும் எழுதும் ஆள் பைன்64-ன் சம்பளப் பட்டியலில் இல்லை.

மோடத்தின் கதை இன்னும் ஒரு படி ஆழமானது. குவெக்டெல் இஜி25-ஜி என்ற அந்த மோடத்துக்குள்ளேயே குவால்காம் சிப்பின் மேல் ஒரு தனி லினக்ஸ் ஓடுகிறது. அதாவது பைன்போன் ஒரு கணினிக்குள் மற்றொரு கணினி. 2021-ல் ஒரு நிரலாளர் அந்த உள் லினக்ஸைத் திறந்து, அலைக்கற்றையைக் கையாளும் மூடிய பகுதியை மட்டும் விட்டுவிட்டு, மீதியைத் திறந்த மூல நிரலால் மாற்றி எழுதினார். மின் செலவும் நிலைத்தன்மையும் கண்கூடாக மேம்பட்டன. ஆனால் பைன்64 அதைத் தொழிற்சாலையில் ஏற்றி அனுப்பவில்லை. பயனர் தம் பொறுப்பில் ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. சான்றிதழ் பெற்ற ஒரு ரேடியோ பாகத்தின் மென்பொருளை மாற்றி விற்பது சட்டச் சிக்கல் நிறைந்தது என்பதால் இதை நிறுவனத்தின் கஞ்சத்தனமாகப் பார்க்க முடியாது. ஆயினும் சமூகம் செய்த மிகச் சிறந்த வேலைகளுள் ஒன்று, பெட்டியைத் திறக்கும் புதியவரின் கைக்குத் தானாகப் போய்ச் சேரவில்லை.

பலகையில் நேர்ந்த பிழை

யூபிபோர்ட்ஸ் பதிப்புக் கருவிகள் கைக்கு வந்த பிறகு, டைப்-சி துளையின் வழியே வெளித்திரையோ இணைப்புப் பெட்டியோ சரியாக வேலை செய்யவில்லை என்பது தெரிந்தது. முதலில் எல்லோரும் மென்பொருளைச் சந்தேகித்தார்கள். கடைசியில் பிழை தாய்ப்பலகையின் மின்சுற்றிலேயே இருப்பது உறுதியானது. பிரேவ்ஹார்ட் பலகையிலும் அதே குறை. அடுத்த பதிப்பிலிருந்து சுற்று திருத்தப்பட்டது. முந்தைய கருவிகளை வைத்திருந்தவர்கள் புதிய பலகையைக் குறைந்த விலையில் வாங்கி மாற்றிக்கொள்ளலாம். அல்லது, கை பழகியவர்கள், பலகையில் நேரடியாகப் பற்றவைத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று வழி சொல்லப்பட்டது.

பெரிய நிறுவனமாக இருந்தால் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்திருக்கும். இங்கே 30 நாள் உத்தரவாதத்தோடு விற்ற கருவி. வாங்கியவர்களும் பெரும்பாலும் அதை அறிந்தே வாங்கியவர்கள். ஆனாலும் ஒரு ஏற்றத்தாழ்வைக் கவனிக்க வேண்டும். பிழையுள்ள பலகை, பின்மூடியில் யூபிபோர்ட்ஸ் சின்னத்தோடு போய்ச் சேர்ந்தது. வன்பொருள் வடிவமைப்பில் கைவைக்காத ஒரு திட்டம், அந்த வடிவமைப்பின் குறைக்கான கேள்விகளைத் தன் வாசலில் எதிர்கொண்டது. முறை வைப்பதில் முதலில் வருபவருக்கு எப்போதும் இந்தச் சுமை உண்டு. யூபிபோர்ட்ஸ் திட்டத்துக்கு அதோடு மற்றொரு இடரும் இருந்தது. அதன் முழுக் கட்டமைப்பும் ஆண்ட்ராய்டு இயக்கிகளின் மேல் உட்காரும் ஹேலியம் என்ற அடுக்கைச் சார்ந்தது. மூலக் கெர்னலில் ஓடும் பைன்போன் அவர்களுக்கு ஒரு தனிப் பாதை. அதைப் பராமரிக்க ஆட்கள் குறைவு. உபுண்டு 16.04 அடிப்படையில் தேங்கி நின்ற அந்தப் பதிப்பு, ஐந்தில் முதலில் வந்தும் விரைவில் பின்தங்கியது.

ஒருவருக்கே என்றானபோது

2021 பிப்ரவரி அறிவிப்புக்கு வணிக நியாயம் இருந்தது. ஒவ்வொரு பதிப்புக்கும் தனி மூடி, தனிப் பெட்டி, தனி முன்பதிவு, தனிக் கோப்பு என்று ஒரு சிறு நிறுவனம் என்றென்றும் ஓடிக்கொண்டிருக்க முடியாது. வாங்க வருபவருக்கும் ஏதோ ஓர் இயங்குதளம் ஏற்றப்பட்ட கருவி எந்நாளும் கிடைக்க வேண்டும். மஞ்சாரோ ஏற்கெனவே பைன்புக் ப்ரோ மடிக்கணினியில் இயல்பு இயங்குதளமாக இருந்ததால், தேர்வும் எதிர்பார்த்ததே.

தேர்வு எப்படி நடந்தது என்பதைவிட, அதன்பின் உறவுகள் எப்படி மாறின என்பதே முக்கியம். ஒரு திட்டம் நிரந்தரமாக முன்னிறுத்தப்பட்டதும், மற்றவர்கள் தூர்வாருவதற்கான காரணம் மெலிந்தது. அவர்கள் எழுதிய நிரல் தொடர்ந்து எல்லாக் கருவிகளிலும் ஓடியது. ஆனால் விற்பனையோடு சேர்ந்த அங்கீகாரமும் நன்கொடையும் ஒரே பக்கம் சேர்ந்தன. 2022 ஆகஸ்டில் விலகிய போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் நிரலாளரின் குற்றச்சாட்டின் சாரம் இதுதான்: பல திட்டங்களின் உழைப்பில் நிற்கும் கருவிக்கு ஒரு திட்டத்தின் குரல் மட்டுமே நிறுவனத்தின் காதில் விழுகிறது.

அவர் காட்டிய எடுத்துக்காட்டு, சாதாரண வாசகருக்கு அற்பமாகப்படக்கூடிய ஒரு சிறு சிப்பைப் பற்றியது. பைன்புக் ப்ரோவில் தொடக்க நிரலை வைத்துக்கொள்ள எஸ்பிஐ என்ற தனிச் சிறு நினைவகம் உண்டு. அதில் டோ-பூட் போன்ற பொதுவான தொடக்க நிரலைத் தொழிற்சாலையிலேயே எழுதிவிட்டால், எந்த இயங்குதளத்தையும் எளிதாக நிறுவலாம். பிற திட்டங்களின் நிரலாளர்கள் அதையே கேட்டார்கள்; மஞ்சாரோ தரப்பு இசையவில்லை; நிறுவனம் மஞ்சாரோ சொன்னபடி நடந்தது என்பது அவருடைய கூற்று. பைன்64 தரப்பும் மறுமொழி வெளியிட்டது. இரு தரப்பையும் எடைபோட வெளியாளால் முழுதாக முடியாது. ஆனால் தொடக்க நிரல் யார் கையில் என்ற கேள்வி அற்பமானதன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. பைன்போனில் நினைவக அட்டைக்கு முதல் இடம் தந்த சிப், எல்லாத் திட்டங்களையும் சமமாக வைத்திருந்தது. பைன்புக் ப்ரோவில் உள்ள ராக்சிப் ஆர்கே3399 சிப் குடும்பத்தில் அந்த வரிசை வேறு: முதலில் எஸ்பிஐ, பிறகு உள் சேமிப்பு, கடைசியில்தான் அட்டை. உள் சேமிப்பில் தொழிற்சாலை எழுதிய தொடக்க நிரல் ஒன்று இருந்தாலே, மற்றவர்களின் கதவு அதன் விருப்பத்தைப் பொறுத்தது ஆகிவிடுகிறது. சிப் தந்த சமத்துவம் போனபோது, அதை ஒப்பந்தத்தால் ஈடுசெய்ய யாரும் எழுதிவைத்திருக்கவில்லை.

இதே காலத்தில் வேறொரு உரசலும் நிகழ்ந்தது. இன்னும் சோதனையில் இருக்கும் கெர்னல் மாற்றங்களையும் முடிவுறாத செயலிகளையும் எடுத்துப் பயனர்களுக்கு அனுப்பிவிட வேண்டாம் என்று, கைபேசி லினக்ஸ் நிரலாளர்கள் சிலர் இயங்குதளத் திட்டங்களுக்குப் பொது வேண்டுகோள் விடுத்தார்கள். மூல நிரலாளரிடம் போய்ச் சேரும் புகார்கள், அவர் இன்னும் வெளியிடாத ஒன்றைப் பற்றியதாக இருந்தன என்பதே வருத்தம்.

விசைப்பலகையும் ப்ரோவும்

2021 அக்டோபரில் பைன்போன் ப்ரோ அறிவிக்கப்பட்டது. ஆர்கே3399எஸ் சிப், 4 ஜிபி நினைவகம், 128 ஜிபி சேமிப்பு, 399 டாலர். ஆண்டின் முடிவில் 50 டாலர் விலையில் விசைப்பலகை உறை விற்பனைக்கு வந்தது. பின்மூடியை எடுத்துவிட்டு, பின்புறத்தில் உள்ள ஆறு தொடு ஊசிகளில் அதைப் பொருத்தினால், 6000 எம்ஏஎச் கூடுதல் பேட்டரியோடு, சியான் காலத்து மடக்குக் கைக்கணினியின் மறுபிறப்பு கையில் இருக்கும்.

அந்த உறையிலும் அதே கதை சிறு அளவில் திரும்ப நடந்தது. விசைகளைப் படிக்கும் நுண்கட்டுப்படுத்திக்கு, கெர்னல் கிளையைப் பராமரித்த அதே நிரலாளர் திறந்த மூல நிரலை எழுதினார். மின்சுற்றில் மட்டும் ஓர் எச்சரிக்கை நிலைத்தது: உறை மாட்டியிருக்கும்போது கைபேசியின் டைப்-சி துளையில் மின்னேற்றக் கூடாது, உறையின் துளையில் மட்டுமே ஏற்ற வேண்டும், இல்லையேல் கருவி கெடலாம். மென்பொருளால் தடுக்க முடியாத, வடிவமைப்பின்போதே கேட்டிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய ஒன்று. சமூகத்தைச் சோதனைக்கு அழைத்த அளவுக்கு வரைபடக் கட்டத்தில் அழைக்கவில்லை என்பதற்கு, யூபிபோர்ட்ஸ் பலகைப் பிழையை அடுத்து இதையும் வைக்கலாம்.

பிற நிறுவனங்களுக்கு இதில் உள்ளது

இதே வழியில் செல்ல நினைக்கும் சிறு நிறுவனம், எந்த இயங்குதளத்தை இயல்பாக வைப்பது என்பதை முதல் கேள்வியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. சிப்பின் மூலக் கெர்னல் ஆதரவை யார் பராமரிக்கிறார்கள், தொடக்க நிரலை மாற்றும் உரிமை யாரிடம், பலகையின் வரைபடம் அச்சுக்குப் போகும் முன் யார் பார்க்கிறார்கள் என்ற மூன்றும் அதற்கு முன் எழுத்தில் தீர வேண்டியவை. பிறகு, இயல்பு இயங்குதளம் ஒன்றே என்றானாலும், நன்கொடை ஒன்றுக்கே போக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கெர்னல் கிளை, க்ரஸ்ட், மோடச் சேவை போன்ற பொது அடித்தளத்துக்கு ஒரு பங்கு ஒதுக்கியிருந்தால், 2021-க்குப் பிந்தைய மனக்கசப்பின் பெரும்பகுதி எழுந்திருக்காது. சின்னம் அச்சிட முடியாத உழைப்புக்கு நன்கொடை போகவில்லை என்பதே இந்த ஏற்பாட்டின் தொடக்கத்திலிருந்தே இருந்த குறை. சமூகப் பதிப்புகளின் காலத்தில் முறை மாறி மாறி வந்ததால் அது வெளியே தெரியவில்லை.

அதற்குள் களமும் நகர்ந்துவிட்டது. குவால்காமின் ஸ்னாப்டிராகன் 845 சிப்புக்கான ஆதரவு மூலக் கெர்னலில் முதிர்ந்ததும், ஒன்பிளஸ் 6 போன்ற பழைய ஆண்ட்ராய்டு கைபேசிகள் பைன்போனைவிடப் பல மடங்கு வேகத்தில் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ், மோபியன் ஆகியவற்றை ஓட்டத் தொடங்கின. நிரலாளர்கள் பலர் அங்கே சென்றார்கள். தமக்காகச் செய்யப்பட்ட கருவியில் கற்ற மின் மேலாண்மையும் மோடக் கையாளுதலும் ஃபோஷ், பிளாஸ்மா மொபைல் இடைமுகங்களின் மெருகும் அவர்களோடே அங்கே போயின. 2025-ல் பைன்போன் ப்ரோவின் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த பைன்64, முதல் பைன்போனைத் தொடர்ந்து விற்பதாகச் சொன்னது.